விளக்கை அணைத்துவிட்டு ஒரு மகரந்தம்: டிஜிட்டல் ஓவியத்தில் நுண்ணோக்கித் தோற்றம்

முதன்முதலாக ஒரு ரத்தச் சிவப்பணுவை பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்து பார்த்தபோது திரையில் வந்து உட்கார்ந்தது ஒரு வடை. ஓட்டை விழாத, சிவப்புச் சாயம் பூசிய உளுந்து வடை. உருவத்தில் தப்பில்லை. சிவப்பணுவும் இரண்டு பக்கமும் நடுவில் குழிந்த தட்டுதானே. அகலம் 7, 8 மைக்ரோமீட்டர், தடிமன் சுமார் 2 மைக்ரோமீட்டர் என்று விகிதமெல்லாம் பார்த்துத்தான் செய்திருந்தேன். வலப்பக்கம் ஒரு விளக்கு, இடப்பக்கம் கொஞ்சம் மங்கலாக இன்னொன்று, பின்னால் ஒன்று என எல்லாப் பாடங்களிலும் முதலில் சொல்லிக்கொடுக்கும் மூன்று விளக்குகளும் இருந்தன.

கோளாறு அந்த விளக்குகளில்தான் இருந்தது. மேசைமேல் இருக்கும் பொருளுக்கு வெளிச்சம் போடுவதுபோலப் போட்டால், பார்ப்பவருக்கும் அது மேசைமேல் இருக்கும் பொருளாகத்தான் தெரியும். ஒரு படத்தைப் பார்த்ததும் ‘இது நுண்ணோக்கியில் எடுத்தது’ என்று நமக்குத் தோன்றுகிறதே, அப்போது நாம் அடையாளம் கண்டுகொள்வது அந்தக் கருவி பார்க்கும் முறையைத்தான். அதனால் வேலையைத் தொடங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ‘விளக்கை எங்கே வைப்பது’ என்பதல்ல, ‘எந்த நுண்ணோக்கி’ என்பது.

நுண்ணோக்கிகள் பல வகை. ஆனால் டிஜிட்டல் ஓவியர்கள் அதிகம் ஆசைப்படுவது ஒன்றுக்குத்தான்: ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கி. ஈயின் கண், எறும்பின் முகம், முள் முள்ளாக நிற்கும் மகரந்தம் என்று பாடப்புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள். விளிம்பெல்லாம் வெள்ளி போல ஒளிரும், நடுப்பகுதி சாம்பலாக அடங்கிக் கிடக்கும். இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி அதற்கே. மற்ற வகைகளைக் கடைசியில் தொட்டுவிட்டுப் போகலாம்.

ஒளியே இல்லாத படம்

அந்தக் கருவிக்குள் விளக்கு கிடையாது. காற்றை உறிஞ்சி எடுத்த ஓர் அறைக்குள் பொருளை வைத்து, ஊசிமுனை போன்ற எலக்ட்ரான் கற்றை ஒன்றால் அதன் மேற்பரப்பை வரி வரியாகத் தடவிச் செல்கிறார்கள். கற்றை படும் இடத்திலிருந்து, பொருளுக்குள்ளேயே இருந்த எலக்ட்ரான்கள் சில தெறித்து வெளியே வரும். பக்கத்தில் இருக்கும் உணர்கருவி அவற்றை எண்ணிக்கொண்டே இருக்கும். நிறைய வந்தால் படத்தில் அந்தப் புள்ளி வெள்ளை, குறைவாக வந்தால் கருப்பு. அவ்வளவுதான் படம். 1965இல் கேம்பிரிட்ஜ் நிறுவனம் ஒன்று இந்த வகைக் கருவியை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இந்தத் தோற்றம் நமக்கெல்லாம் பழகிப்போனது அதற்குப் பிறகுதான்.

சரி, விளிம்பு ஏன் பளிச்சென்று இருக்கிறது? தெறிக்கும் எலக்ட்ரான்களுக்குத் தெம்பு மிகக் குறைவு. மேற்பரப்புக்கு மிக அருகில் இருப்பவை மட்டுமே வெளியே தப்பும். கற்றை தட்டையான பரப்பில் நேராக இறங்கினால் சட்டென்று ஆழத்துக்குப் போய்விடுகிறது. தப்பி வருபவை கொஞ்சம். அதே கற்றை சரிவான பரப்பில் படும்போது மேற்பரப்பை ஒட்டியே நெடுந்தூரம் பயணிக்கிறது, ஆகவே நிறையத் தப்புகின்றன. கணக்காகச் சொன்னால், 60 டிகிரி சாய்ந்த பரப்பிலிருந்து நேரான பரப்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு எலக்ட்ரான்கள் வரும். ஓர் உருண்டையின் ஓரத்துக்குப் போகப் போக சாய்வு கூடிக்கொண்டே போகிறதல்லவா? அதனால்தான் ஓரம் வெளுக்கிறது.

இதை ஒருமுறை புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பகல் வெளிச்சத்தில் நமக்குப் பழகிய விதி, விளக்கைப் பார்த்திருக்கும் பரப்பு வெளிச்சம், திரும்பியிருக்கும் பரப்பு இருட்டு. இங்கே நம்மைப் பார்த்திருக்கும் பரப்பு இருட்டு, நம்மைவிட்டுத் திரும்பும் பரப்பு வெளிச்சம். வெளிச்சத்தை முடிவு செய்வது பரப்புக்கும் கேமராவுக்கும் நடுவில் உள்ள கோணமே முக்கியமாக. அப்படியானால் அந்த வெளிச்சத்தை விளக்கில் தேடிப் பயனில்லை, மெட்டீரியலுக்குள்ளேயே (பரப்பு எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் அமைப்பு) எழுதிவிடலாம்.

செம்பருத்தி மகரந்தத்தைச் செய்து பார்ப்போம்

பழக நல்ல பொருள் செம்பருத்தி மகரந்தம். நூறு மைக்ரோமீட்டருக்கு மேல் விட்டம் உள்ள பெரிய மகரந்தம் அது. பூவின் நடுத்தண்டில் ஒட்டியிருக்கும் மஞ்சள் பொடியைக் கைலென்ஸில் பார்த்தாலே மணி மணியாகத் தெரியும். இன்னும் பெரிதாக்கினால் உருண்டை முழுக்க முள்.

உருவம் செய்வது பெரிய வேலை இல்லை. முக்கோணங்களால் ஆன உருண்டையான ஐகோ ஸ்பியர் ஒன்றை உட்பிரிவு 3 கொடுத்து எடுங்கள், 162 புள்ளிகள் கிடைக்கும். ஜியாமெட்ரி நோட்ஸில் (நோடு எனப்படும் கட்டங்களைக் கம்பியால் இணைத்து உருவம் செய்யும் பகுதி) ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு சிறு கூம்பை, பரப்புக்குச் செங்குத்தாக நிற்குமாறு நடுங்கள். உருண்டையையும் கூம்புகளையும் ஜாயின் ஜியாமெட்ரியில் சேர்க்க மறந்தால் முள் மட்டும் அந்தரத்தில் மிதக்கும். உருண்டைக்கு ஷேட் ஸ்மூத் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பட்டை பட்டையாகத் தெரியும்.

இப்போது காட்சியில் இருக்கும் எல்லா விளக்குகளையும் அழித்துவிடுங்கள். காட்சியைச் சூழ்ந்த பின்னணியான வேர்ல்டின் நிறத்தையும் கருப்பாக்குங்கள்.

மெட்டீரியலில் தானாக வந்து நிற்கும் பிரின்சிபிள்ட் ஷேடரை (பரப்பில் வெளிச்சம் எப்படித் தெரியும் என்று கணக்கிடுவது ஷேடர்) எடுத்துவிட்டு எமிஷன் ஷேடர் ஒன்றை வையுங்கள். இது பொருள் தானாகவே ஒளிர்வதற்கான ஷேடர், வெளி வெளிச்சத்தை எதிர்பார்க்காது. அதன் நிறத்துக்கு முன்னால் ஒரு கலர் ராம்ப் (எண்ணை நிறமாக மாற்றும் பட்டை), அதற்கும் முன்னால் லேயர் வெயிட் என்ற நோடு. லேயர் வெயிட்டில் இருந்து இரண்டு கம்பிகள் எடுக்கலாம்: ஃப்ரெனெல், ஃபேசிங். நமக்கு வேண்டியது ஃபேசிங். பரப்பு கேமராவை நேராகப் பார்த்தால் அது 0 கொடுக்கும், 60 டிகிரி திரும்பினால் 0.5, முழுக்க ஓரமாகத் திரும்பினால் 1. எலக்ட்ரான் நுண்ணோக்கி செய்யும் அதே வேலையின் எளிய பதிப்பு. மூன்று நோடுகளையும் இணைத்த நொடியில், விளக்கே இல்லாத காட்சியில் மகரந்தம் ஒளிர்ந்துகொண்டு எழுந்து நிற்கும். முதல் தடவை பார்த்தபோது கொஞ்சம் சிலிர்த்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அப்படியே விட்டால் எக்ஸ்ரே போல, பேய்ப்படம் போல இருக்கும். கலர் ராம்ப்பில் கொஞ்சம் உட்கார வேண்டும். இடது முனையை முழுக் கருப்பாக விடாதீர்கள், அடர்சாம்பல் ஆக்குங்கள். உண்மையான படத்தில் நேரான பரப்பிலிருந்தும் சில எலக்ட்ரான்கள் வரத்தான் செய்கின்றன. நடுவில், 0.6 வாக்கில் ஒரு நடுத்தரச் சாம்பல் வையுங்கள். வலது முனை வெள்ளைக்கு ஒரு படி கீழே இருக்கட்டும். லேயர் வெயிட்டில் பிளெண்ட் என்று ஓர் எண் 0.5இல் நிற்கும். அதை 0.3க்குக் குறைத்தால் ஒளி விளிம்போடு ஒட்டி மெல்லிய கோடாகும், கூட்டினால் உள்ளே பரவும். முள்ளுக்கு மெல்லியது அழகு, உருண்டைக்குப் பரந்தது அழகு. எனவே இரண்டுக்கும் தனித்தனி மெட்டீரியல் வைத்துக்கொள்வதே என் வழக்கம்.

இன்னும் ஒரு குறை தெரியும். முள்ளின் அடியும் உருண்டையும் சேரும் மூலையில் இருட்டே இருக்காது. நிஜத்தில் குழிக்குள்ளிருந்து தெறிக்கும் எலக்ட்ரான்கள் சுவரில் மோதி அங்கேயே அடங்கிவிடும், உணர்கருவி வரை வராது. குழிகள் கறுத்துத் தெரிவது அதனால். இதற்கு ஆம்பியன்ட் அக்லூஷன் நோடு இருக்கிறது, ஒரு புள்ளியைச் சுற்றி எவ்வளவு அடைப்பு என்று பார்த்துச் சொல்லும். அதைக் கலர் ராம்ப்பின் நிறத்தோடு மல்டிப்ளை முறையில், அதாவது பெருக்கி இருட்டாக்கும் முறையில், கலந்துவிடுங்கள். முள் சட்டென்று உருண்டையில் வேர் ஊன்றி நிற்கும். என்னைக் கேட்டால் ஒளிரும் விளிம்பைவிட இந்த இருண்ட மூலைதான் படத்தை நம்பவைக்கிறது.

பலர் முட்டிக்கொள்ளும் இடம்: சொரசொரப்பு

மகரந்தத்தின் தோல் வழவழப்பாக இருக்காது. அதற்காக நாய்ஸ் டெக்ஸ்சர் (ஒழுங்கற்ற புள்ளிக் கோலம்) எடுத்து, பம்ப் நோடில் கொடுத்து, வழக்கம்போல ஷேடரின் நார்மலில் (பரப்பு பார்க்கும் திசை) சொருகப் போனால் எமிஷன் ஷேடரில் நார்மல் என்ற துளையே இருக்காது. நான் இங்கே ஒரு சாயங்காலம் முழுக்கத் தலையைச் சொறிந்துகொண்டு இருந்தேன். யோசித்தால் விஷயம் எளிது. பம்ப் என்பது பரப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பொய் சொல்லும் வித்தை. நம் காட்சியில் சாய்வைப் பார்த்து வெளிச்சத்தை முடிவு செய்வது யார்? லேயர் வெயிட். அப்போது பொய்யை அதன் காதில்தான் சொல்ல வேண்டும். லேயர் வெயிட்டின் அடியில் நார்மல் என்று ஒரு துளை இருக்கிறது, பம்ப்பின் கம்பியை அதில் சொருகுங்கள். ஒவ்வொரு சின்ன மேட்டின் ஓரத்திலும் ஒரு துளி வெளிச்சம் ஏறி, தோல் உயிர்பெறும்.

சொரசொரப்பை அளவாக வையுங்கள். பெரிய உருவம், அதன்மேல் நடுத்தர மேடுபள்ளம், அதன்மேல் பொடிசு என மூன்று அளவுகள் போதும். பொடிசை மட்டும் அள்ளிக் கொட்டினால் சிமென்ட் பூசிய சுவர் வந்துவிடும்.

பளபளப்பு, கண்ணாடித்தன்மை, உள்ளே ஒளி ஊடுருவும் மெழுகுத்தன்மை எதுவும் இங்கே வேண்டாம். காரணம் இருக்கிறது. மகரந்தம், பூச்சி போன்ற மின்சாரம் கடத்தாத பொருள்களை இந்தக் கருவிக்குள் வைக்கும் முன் அவற்றின்மேல் சில நானோமீட்டர் தடிமனில் தங்கம் போன்ற உலோகத்தைப் பூசுவது வழக்கம். பூசாவிட்டால் மின்னூட்டம் தேங்கிப் படத்தில் வெள்ளை வெள்ளையாக இழுத்துக்கொள்ளும். தங்கப் பூச்சுக்குள் போன பிறகு இறக்கையும் கண்ணும் ரோமமும் எல்லாம் ஒரே பொருளால் செய்தவை போலத்தான் தெரியும். ஆகவே காட்சி முழுவதற்கும் ஒரே குடும்பத்து மெட்டீரியல் போதும். ஈயின் கண்ணுக்கு மட்டும் பளபளப்பு கொடுத்தால் அது ஒளி கேமராவில் எடுத்த படமாக மாறிவிடும்.

இப்போது ஒரே ஒரு விளக்கு

விளக்கை அணையுங்கள் என்று சொன்னவனே திரும்ப ஏற்றச் சொல்கிறேன். உணர்கருவி பொருளுக்கு ஒரு பக்கத்தில் இருப்பதால், அந்தப் பக்கத்துப் பரப்புகள் படத்தில் லேசாகத் தூக்கலாக இருக்கும். விளக்கு அங்கே இருப்பதுபோல ஒரு மயக்கம். இதற்கு, மேலே விழும் வெளிச்சத்தைச் சிதறடிக்கும் டிஃப்யூஸ் ஷேடர் ஒன்றை எடுத்து, மிக்ஸ் ஷேடர் வழியாக எமிஷனோடு ஐந்தில் ஒரு பங்கு கலந்து, மேல் இடது பக்கம் பெரிய ஏரியா லைட் ஒன்றை வையுங்கள். பெரிதாக இருக்கட்டும். சின்ன விளக்கு கூர்மையான நிழலைப் போடும், கூர்மையான நிழல் விழுந்த மறுகணம் மேசையும் அறையும் நினைவுக்கு வந்துவிடும், அப்புறம் வடைதான்.

இந்த இடத்தில் ஒரு பழைய ஆளை நினைத்துக்கொள்ளலாம். ராபர்ட் ஹூக் 1665இல் தெள்ளுப்பூச்சியையும் ஈயின் கண்ணையும் பெரிதாக்கி வரைந்து வெளியிட்டவர். நீர் நிரப்பிய கண்ணாடி உருண்டை வழியாக விளக்கொளியைக் குவித்துப் பொருளின்மேல் விழவைத்தார். லென்ஸுக்குள் பார்க்கும்போது மேடு எது, பள்ளம் எது, நிழல் எது, கறை எது என்று பிரித்தறிவது கடினம் என்று அவரே எழுதியிருக்கிறார். அதனால் வெவ்வேறு வெளிச்சங்களில் திருப்பித் திருப்பிப் பார்த்து உருவத்தைத் தெரிந்துகொண்ட பிறகுதான் வரைந்தார். நம் திரையிலும் அதே தொல்லை வரும். விளிம்பொளி மட்டும் இருந்தால் ஒரு வட்டம் மேடா குழியா என்று கண் குழம்பும். அந்த ஒற்றை விளக்கு அந்தக் குழப்பத்தைத் தீர்க்கிறது.

கேமராவும் நிறமும்

வைட் ஆங்கிள் கேமரா எதையும் கட்டடம் போலப் பெரிதாக்கிக் காட்டும். ஃபோகல் லெங்த்தை 100 மிமீ அல்லது அதற்கு மேல் வையுங்கள், தூரத்தால் அளவு மாறாத ஆர்த்தோகிராஃபிக் கேமராவும் நன்றாக வேலை செய்யும். ரெண்டர் (இறுதிப் படத்தை உருவாக்குவது) அமைப்புகளில் வியூ டிரான்ஸ்ஃபார்ம் என்ற இடத்தையும் பாருங்கள். பிளெண்டர் 4.0 முதல் அது ஏஜிஎக்ஸ் என்று இருக்கும், நீங்கள் ராம்ப்பில் பார்த்துப் பார்த்து வைத்த வெள்ளையை அது சாம்பலாக அமுக்கிவிடும். ஸ்டாண்டர்டுக்கு மாற்றினால் வைத்த நிறம் வைத்தபடி வரும்.

பின்னணி மங்கல் பற்றி ஒரு வார்த்தை. ‘சின்னப் பொருள் என்றால் பின்னணி மங்கலாக இருக்க வேண்டும்’ என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஒளி நுண்ணோக்கிக்கு அது சரி. எண்ணெய்த் துளியில் தொட்டுப் பார்க்கும் 100 மடங்கு ஆயில் லென்ஸில் கூர்மையாகத் தெரியும் ஆழம் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவு, ஒரு சிவப்பணுவின் தடிமனைக்கூட முழுக்கக் காட்டாது. ஆனால் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் பெருமையே முன்னும் பின்னும் சேர்ந்து கூர்மையாகத் தெரிவதுதான். வெள்ளி விளிம்பையும் போட்டுப் பின்னணியையும் கரைத்துவிடும் படங்கள் இணையத்தில் ஏராளம், அழகாகவும் இருக்கின்றன. இரண்டு கருவிகளின் கலப்படம் என்று தெரிந்தே செய்தால் தப்பில்லை.

நிறம் வேண்டுமா? எலக்ட்ரான் படத்துக்கு நிறமே கிடையாது, பத்திரிகைகளில் வரும் வண்ணப் படங்கள் பிறகு கணினியில் பூசப்பட்டவை. அதனால் நீங்களும் முதலில் கருப்பு வெள்ளையில் முடித்துவிட்டு, கடைசியில் கலர் ராம்ப்பின் சாம்பல்களை ஒரே நிறத்தின் இருட்டு, நடு, வெளிர் என்று மாற்றுங்கள். மகரந்தத்துக்கு மஞ்சள் ஒன்று, பின்னால் இருக்கும் இதழுக்கு மங்கிய ஊதா ஒன்று. இரண்டு நிறம், அதிகம் போனால் மூன்று. அதற்கு மேல் போனால் பொம்மைக்கடை. ரெண்டர் முடிந்தபின் படத்தின்மேல் நிறமில்லாத பொடி நாய்ஸைக் கொஞ்சம் தூவிவிடுங்கள். ஆனால் கீழே கருப்புப் பட்டையில் கிலோவோல்ட், உருப்பெருக்கம் என்று எழுதி ஒட்டிவிடாதீர்கள். அந்தப் பட்டை ‘இது எடுத்த படம்’ என்ற சாட்சிக் கையெழுத்து, வரைந்த படத்தில் அது இருந்தால் போலிக் கையெழுத்து.

2020 தொடக்கத்தில் உலகமே பார்த்த கொரோனா வைரஸ் படம், சாம்பல் உருண்டையும் சிவப்பு முட்களும், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் அலிசா எக்கர்ட்டும் டான் ஹிக்கின்ஸும் உருவாக்கியது. அந்த வைரஸின் விட்டம் சுமார் 100 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமே 400 முதல் 700 நானோமீட்டர். ஒளி அலையைவிடச் சிறிய பொருளுக்கு நாம் சொல்லும் அர்த்தத்தில் நிறம் ஏது? சிவப்பு அவர்கள் தேர்ந்தெடுத்தது. கவனித்துப் பாருங்கள், அதில் முட்களின் நிழல் உருண்டையின்மேல் விழுகிறது. நான் இவ்வளவு நேரம் வேண்டாம் என்ற அதே நிழல்தான். அந்தப் படத்தின் வேலை நுண்ணோக்கியைப் பாவனை செய்வது இல்லை, கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய பொருளாகக் காட்டுவது. நோக்கம் வேறு என்பதால் வெளிச்சமும் வேறு.

மற்ற நுண்ணோக்கிகள், சுருக்கமாக

பள்ளி ஆய்வகத்தில் வெங்காயத் தோலைப் பார்த்திருப்போமே, அது அடியிலிருந்து வரும் ஒளி பொருளை ஊடுருவி வரும் படம். பின்னணி வெளிர், பொருள் அதைவிட இருட்டு. மகரந்தத்துக்குச் செய்த அதே லேயர் வெயிட், அதே கலர் ராம்ப். வேர்ல்டை வெளிராக்கி, ராம்ப்பைத் தலைகீழாக்கி, எமிஷனுக்குப் பதில் டிரான்ஸ்பரன்ட் ஷேடரை வைத்தால் மெல்லிய சுவருள்ள செல் கிடைத்துவிடும். உருண்டையான சுவரின் ஓரத்தில் ஒளி அதிகத் தடிமனைக் கடக்க வேண்டியிருப்பதால் ஓரம் கருக்கிறது. திசு வெட்டுகளை வரைகிறீர்கள் என்றால் இளஞ்சிவப்பும், செல்கருவுக்கு நீலம் கலந்த ஊதாவும் போடுங்கள். மருத்துவ ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் ஈயோசின், ஹீமடாக்சிலின் சாயங்களின் நிறம் அது.

இருள்புல நுண்ணோக்கியில் ஒளி பக்கவாட்டில் இருந்து மட்டும் வரும், பின்னணி கும்மிருட்டு. இங்கே மட்டும் விளக்குகளுக்கு வேலை உண்டு. பொருளைச் சுற்றி வளையமாக, கேமராவுக்கு நேரே படாமல் வையுங்கள்.

ஒளிர்சாய நுண்ணோக்கிப் படங்களில், கருப்புப் பின்னணியில் பச்சை இழைகளும் நீலச் செல்கருக்களும் நியான் போல மின்னும். ஒவ்வொரு சாயத்தையும் தனித்தனியாகப் படம் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டியவை அவை. நீங்களும் அப்படியே செய்யுங்கள்: ஒரு லேயரில் பச்சை மட்டும், ஒன்றில் நீலம் மட்டும், கலப்பு முறை ஆட் அல்லது ஸ்க்ரீன். கோட்டுருவம் போடாதீர்கள். ஒளிரும் பொருளுக்கு வெளிக்கோடு கிடையாது, ஓரம் மெல்லக் கரைய வேண்டும்.

முப்பரிமாணம் தெரியாதவர்களுக்கு

பிளெண்டர் இல்லாமல், கிரிட்டாவிலோ கைப்பேசியில் ஐபிஸ் பெயின்டிலோ வரைபவர்களுக்கும் இதே வழிதான். ஒரு வட்டம் போட்டு அடர்சாம்பலால் நிரப்புங்கள். அதன்மேல் ஒரு லேயரை, பூச்சு வட்டத்துக்கு வெளியே போகாதபடி கிளிப் செய்து, பெரிய மென்தூரிகையால் ஓரத்தைச் சுற்றி வெளிர்சாம்பலைப் படரவிடுங்கள். அப்புறம் சிறிய தூரிகையால் ஓரத்தை ஒட்டி ஒரு மெல்லிய வெள்ளை. மேல் இடது ஓரத்தில் கொஞ்சம் கூடுதலாக, கீழ் வலது ஓரத்தில் கொஞ்சம் குறைவாக. உருண்டைகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் மல்டிப்ளை லேயரில் கருப்பு. முட்களை வரையும்போது நம்மை நோக்கி நீட்டிக்கொண்டிருப்பவை ஒரு வெள்ளை வளையமாகத்தான் தெரியும், பக்கத்தில் நீட்டியிருப்பவையே முழுக் கூம்பாகத் தெரியும். எல்லா முள்ளையும் பக்கவாட்டில் வரைந்துவிட்டால் மகரந்தம் பலாப்பழம் ஆகிவிடும். நடுவில் இருக்கும் நாலைந்து முட்களையாவது வளையமாகவே விடுங்கள்.